‘சரி’ என்றால் ஓடி வரும் நாய்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த நிகழ்ச்சியை நடத்தும் தம்பி போன மாதம் ஒரு வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று கை குவித்தார். உள்ளே இருந்த எங்கள் நாய் கருப்பன் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, மார்பைத் தரையில் பதித்து, பின்புறத்தைத் தூக்கிப் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டான். தம்பி கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம், “ஐயா, இதை எப்படிச் செய்தீர்கள் என்று வானொலியில் வந்து சொல்ல வேண்டும்” என்றார். கருப்பனை நிலையத்துக்குள் விடமாட்டார்களாம். அதனால் இன்று வெறும் பேச்சுதான்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நாய் வளர்ப்பது காவலுக்கு. திருட்டுப் பயம் அப்படி. நாய் குரைக்க வேண்டும், கேட்டுப் பக்கம் யாரும் வரக்கூடாது, அவ்வளவுதான் அதற்கு வேலை. வித்தை கற்றுத் தருகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அண்ணன், “வாத்தியாருக்கு வேலை இல்லை, நாயைக் கெடுக்கிறார்” என்றார். ஒன்றும் கெடவில்லை. இன்றைக்கும் சுவர் மேல் குரங்கு வந்தால் ஊரே எழும்படி குரைக்கிறான். நாள் முழுக்கச் சும்மா கட்டிக் கிடக்கும் நாய்தான் குழி தோண்டும், துணியை இழுக்கும், காரணமில்லாமல் குரைக்கும். தலைக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், பாதித் தொல்லை குறையும்.

கருப்பன் எந்த ஜாதி என்று கேட்காதீர்கள். இந்த மண்ணின் நாட்டு நாயை ஆஃப்ரிகானிஸ் என்பார்கள். அதில் கொஞ்சம், மற்றதில் கொஞ்சம். எங்களிடம் வந்தபோது அவனுக்கு நாலு வயதிருக்கும் என்றார் மருத்துவர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். நாய் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய். வயதான நாயும் கற்றுக்கொள்ளும். என்ன, மூட்டு வலிக்காத வித்தையாக நாம் பார்த்து எடுக்க வேண்டும்.

சரி, நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன்.

நாய்க்கு எதைக் கற்றுத் தந்தாலும், அது சரியாகச் செய்த அந்தக் கணத்தை நாம் அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். உட்கார் என்கிறோம், உட்காருகிறது. நாம் சட்டைப் பையைத் துழாவித் தின்பண்டத்தை எடுப்பதற்குள் எழுந்துவிடுகிறது. அப்போது கொடுத்தால், எழுந்ததற்குக் கிடைத்தது என்றுதான் அது நினைக்கும். அதனால் பிட்டம் தரையைத் தொட்ட அந்த நொடியில் ஒரு குறிச்சொல். தின்பண்டம் அதற்குப் பின்னால் மெதுவாக வரலாம். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1951-லேயே இதை எழுதியிருக்கிறார். கையில் வைத்து அமுக்கினால் ‘டிக்’ என்று சத்தம் போடும் சிறுவர் விளையாட்டுச் சாமானை அதற்குப் பயன்படுத்தலாம் என்றார். இப்போது ‘கிளிக்கர்’ என்று கடையில் விற்பது அதன் பேரப்பிள்ளைதான்.

நான் காசு போட்டு வாங்குவானேன் என்று, ‘சரி’ என்ற சொல்லையே குறிச்சொல்லாக வைத்தேன். இருபது தடவை ‘சரி’ சொல்லி, ஒவ்வொரு தடவையும் உடனே ஒரு துண்டு கோழி. கருப்பன் ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். மறுநாள் என் மனைவியின் அக்கா பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து போன் செய்தார். நம் வீட்டில் போன் பேசுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? “சரி... சரி... ஆங், சரி... சரி அக்கா, சரி.” ஒவ்வொரு ‘சரி’க்கும் கருப்பன் ஓடி வந்து மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். கோழி இல்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள். பேச்சு முடிந்தபோது என் ‘சரி’க்குப் பைசா மதிப்பில்லை.

நாக்கைச் சொடுக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு வீடு தள்ளி இருப்பவர்கள் ஜூலு பேசுகிறவர்கள். அந்த மொழியில் நாக்குச் சொடுக்கு ஒரு எழுத்து. அவர்கள் வேலியோரம் பேசினாலே இவன் காதைத் தூக்கினான். கடைசியில் ‘டக்’ என்று வைத்தேன். வீட்டில் வேறு எதற்கும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நீங்களும் அப்படி ஒன்றைத் தேடுங்கள். குட்டையாக இருக்கட்டும், எப்போதும் ஒரே குரலில் சொல்லுங்கள்.

இப்போது கும்பிடு. இதை நான் கற்றுத் தரவில்லை, அவனிடமிருந்து பிடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் நாய் சோம்பல் முறிப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்னங்கால் நீளும், மார்பு தாழும், பின்பக்கம் மேலே போகும். அச்சாகக் கும்பிடு அதுதான். நான் ஆறு மணிக்கே எழுந்து, பையில் கோழித் துண்டுகளோடு அவன் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவன் முறிக்கும்போது மார்பு தரையைத் தொடும் அந்த இடத்தில் ‘டக்’. ஒரு துண்டு. ஐந்தாம் நாள் துண்டைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தான். மெதுவாக இன்னொரு தடவை முறித்தான். இந்த முறை தூக்கம் இல்லை, கண் நன்றாக விழித்திருந்தது. வேண்டுமென்றே செய்கிறான்! முப்பத்தி இரண்டு வருடம் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம் பிடிபடும்போது முகத்தில் வருமே, அதே பார்வை.

அதற்கப்புறம்தான் கை குவிப்பதைச் சேர்த்தேன். அவன் குனியப் போவது தெரிந்ததும் நான் கை குவிப்பேன். இரண்டு வாரத்தில் கை குவித்தால் குனிந்தான். சொல் எதுவும் தேவைப்படவில்லை.

சொல்லைப் பற்றி ஒரு சின்னச் சோதனை செய்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் ‘வா’ என்போம், பேரன் ‘கம்’ என்பான், தோட்டவேலைக்கு வருகிறவர் ஜூலுவில் ‘வோஸா’ என்பார். மூன்றுக்கும் வருவான். மூன்று மொழி தெரிந்த நாய் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்று, ‘உட்கார்’ என்றேன். ஏதோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அப்புறம் வாய் திறக்காமல் உள்ளங்கையை மட்டும் மேலே தூக்கினேன். பட்டென்று உட்கார்ந்தான். இத்தனை நாளும் கையைத்தான் படித்திருக்கிறான். ஆகவே கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாலு பேரும் நாலு விதமாகக் கையாட்டினால் பாவம், அது என்ன செய்யும்?

‘சுற்று’ இன்னும் சுலபம். மூக்குக்கு நேரே ஒரு துண்டை வைத்து, சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். மூக்கு போகும், பின்னாலேயே உடம்பு போகும். முழுச் சுற்று வந்ததும் குறிச்சொல். நாலைந்து தடவைக்குப் பிறகு வெறுங்கையால் அதே வட்டம், துண்டு மற்றக் கையிலிருந்து. தின்பண்டத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால், அது இல்லாத நாளில் வித்தையும் இருக்காது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சாப்பாட்டுக்கு முன்னால், பசியிருக்கும்போது. நாய் கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கி முகத்தைத் திருப்பினாலோ விட்டுவிடுங்கள், தலை கனத்துவிட்டது என்று அர்த்தம். வழுக்கும் டைல்ஸ் தரையில் சுற்றவோ குதிக்கவோ விட வேண்டாம், ஒரு பாய் விரியுங்கள். நீள உடம்பு, குட்டைக்கால் நாயைப் பின்னங்காலில் நிற்க வைக்கவே வேண்டாம், முதுகெலும்பு கெடும். பந்து வாங்கினால் நீலம் வாங்குங்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தை அது மூக்கால் தேட, நாம் மந்தம் என்று திட்டுவோம்.

தின்பண்டம் பட்டாணி அளவு இருந்தால் போதும். தோலும் எலும்பும் இல்லாமல், உப்பு மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழி நல்லது. பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி வேண்டாம், உப்பு அதிகம். புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கோழிக்கு வழியில்லை. அவித்த கேரட்டும் கொஞ்சம் சீஸும் கொடுத்தேன். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான், மூன்றாம் நாள் கேரட்டுக்கும் கும்பிட்டான்.

இந்தக் கும்பிடால் ஒரு வம்பும் வந்தது. வீட்டில் விளக்கு பூஜை. உறவுக்கார ஆயா ஒருவர் சாமி படத்தைப் பார்த்துக் கை குவித்தார். கதவோரம் படுத்திருந்த கருப்பன் எழுந்து வந்து குனிந்தான். ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “வைரவரே வந்துட்டார்” என்று பிரசாதத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து நீட்டிவிட்டார். நான் பாய்ந்து பிடுங்கினேன். ஆயாவுக்கு என்மேல் இன்னும் கோபம். அந்த லட்டில் உலர்திராட்சை இருந்தது. திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகச் சில சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நிறைய விளையும் மக்கடேமியாக் கொட்டை, இவையும் ஆகாது. பூஜை, கல்யாணம் என்றால் வடையோடும் லட்டோடும் வரும் விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பேரப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சொந்த நாயிடம் மட்டும். குவாசூலு-நட்டாலில் வெறிநாய்க்கடி இன்னும் ஒழியவில்லை. தடுப்பூசி சட்டப்படி கட்டாயம், தவணை தவறவிடாதீர்கள். என் பேரன் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவான். நம் முன்னோர் 1860-ல் மதராஸிலிருந்து கப்பலேறிக் கொண்டுவந்த தமிழ், அவன் தலைமுறையில் தாத்தா, ஆயா, வடை என்று சுருங்கிவிட்டது. கருப்பனுக்காக அவன் உட்கார், எழுந்திரு, படு, சுற்று, விடு, எடு எல்லாம் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் ஒரு வருடம் மாரடித்தும் வராத ஏவல் வினை, மூன்று வாரத்தில் வந்தது.

தீபாவளியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பட்டாசுக்குப் பயந்து நடுங்கும் நாயிடம் வித்தை காட்டச் சொல்லாதீர்கள். ரொம்பப் பயந்த நாய் கோழியைக்கூடத் தொடாது. உள் அறையில் திரை போட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி, கூடவே இருங்கள். ஒவ்வொரு வருடமும் தாங்காத நாய் என்றால் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு வராத வித்தையும் உண்டு. செருப்பை எடுத்து வரக் கற்றுத் தந்தேன். இடது செருப்பை மட்டும் கொண்டுவருகிறான். ஆறு மாதமாக இதே கதை. வலதில் அவனுக்கு என்ன குறையோ.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கை காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள், என் மனைவிக்கு. அந்த ‘டக்’கை என் குரலில் இத்தனை தடவை கேட்டுவிட்டு, கருப்பன் இந்நேரம் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பான். பிரிட்ஜில் இரண்டாம் தட்டில் கோழி இருக்கிறது. ஒரு துண்டு கொடுத்துவிடு.

வணக்கம்.