அந்தக் கல்லை அறுக்கத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, செவ்வாய்பேட்டைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நடுவர் மேசையில் ஒரு குருந்தக் கல் இருக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் குருந்தத்தின் வகைகள்தான். கைக்குள் அடங்குகிற அளவு, ஊதா கலந்த சிவப்பு. சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கிற ரகம். அந்த ஊர் இன்றைக்கு நாமக்கல் மாவட்டம், 1997 வரை நம் சேலம் மாவட்டம்தான். ஒரு முகத்தைத் தட்டையாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். மறுபக்கத்தில் அது விளைந்த தாய்ப்பாறை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை அறுத்துப் பட்டை தீட்டுவதா, இப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதா என்பதுதான் இன்றைய தலைப்பு. அறுக்க வேண்டும் என்கிற அணியில் நிற்கிறேன்.

எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய அக்கா கோஹினூரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 186 காரட் இருந்த வைரத்தை 1852-இல் லண்டனில் மறுபடியும் பட்டை தீட்டி 105.6 காரட் ஆக்கிவிட்டார்களே என்று கேட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அது இந்திய முறையில் ஏற்கெனவே பட்டை தீட்டி முடித்திருந்த கல். முடிந்த வேலையை வேறொரு நாட்டின் ரசனைக்காகக் கலைத்தார்கள். நம் முன்னால் இருக்கிற கல்லில் வேலை முடியவில்லையே, அக்கா. பாதியில் நிற்கிறது. மல்கோவாவைத் தோல் சீவிவிட்டு, நறுக்காமல் தட்டில் வைத்து அழகு பார்ப்பவர் சேலத்தில் உண்டா?

"இயற்கை கொடுத்த உருவம் அப்படியே இருக்கட்டும்" என்றார் அதே அணியின் தம்பி. குருந்தம் மண்ணுக்குள் வளர்கிறபோது ஆறு பக்கம் உள்ள தூணாக வளர்கிறது. அந்த ஆறு பக்கமும் சேதமில்லாமல் இந்த மேசைக்கு வந்திருந்தால் நான் எழுந்துபோய் அவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்ட படிகத்தில் பிளேடு படவே கூடாது. ஆனால் இது தேய்த்த கல். மின்னுகிற அந்த முகம் சாணையும் மனிதக் கையும் சேர்ந்து உண்டாக்கியது. அதைக் காட்டி இயற்கை என்று வாதாட முடியாது.

இப்போது அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்று பாருங்கள். சில குருந்தக் கற்களுக்குள் ரூட்டைல் என்கிற கனிமம் மயிரிழையைவிட மெல்லிய ஊசிகளாக மூன்று திசையில் படுத்திருக்கும். அந்தக் கல்லைச் சரியான திசை பார்த்து அறுத்து, அடியைத் தட்டையாகவும் மேல்பக்கத்தைக் குவிவாகவும் தீட்டி, ஒற்றை விளக்கின் கீழே பிடித்தால் ஆறு கதிர் உள்ள நட்சத்திரம் எழும்பும். கல்லை அசைத்தால் நட்சத்திரமும் நகரும். தட்டையான முகத்தில் அது தெரியாது. திசை தவறினால் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போகும். இந்தக் கல்லில் அது இருக்கிறது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இருந்தால், பெட்டிக்குள் வைத்த அன்றைக்கே அதைப் புதைத்துவிட்டோம் என்கிறேன்.

அறுப்பவர்களுக்குக் கல்லின் அருமை தெரியாது என்று ஒரு வார்த்தை விழுந்தது. அதுதான் என்னைச் சுட்டது. காங்கேயத்தில் ஒரு பெரியவர் கல் அறுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் கல்லை நனைத்தார், ஈரத்தில் உள்விரிசல் தெரியும் என்பதற்காக. விளக்குக்கு முன்னால் பிடித்துத் திருப்பினார். வைத்துவிட்டு டீ குடித்தார். மறுபடியும் எடுத்தார். பென்சிலால் ஒரு கோடு போட்டு, அழித்து, சற்றுச் சாய்த்து இன்னொரு கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் மோட்டார் ஓடியது. கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, அடுத்தபடி குருந்தத்துக்கு 9. அதனால் வைரத்தூள் பதித்த பிளேடால் அறுத்தார். தண்ணீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல், கல் தானாக உள்ளே போகட்டும் என்று பிடித்திருந்தார். அருங்காட்சியகப் பெட்டிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்று ஒரு கல்லைப் பார்த்தவர் யார், நடுவர் அவர்களே? அறுக்கப் போகிறவர்தான் கல்லை முழுதாகப் பார்க்கிறார். தப்பினால் போய்விடும் என்கிற பயம் அவரைப் பார்க்க வைக்கிறது.

இந்தக் கைகள் கொங்கு மண்ணுக்குப் புதியவையும் அல்ல. ஈரோடு மாவட்டத்தில் உள்ள பழங்கால ஊரான கொடுமணலில் அகழாய்வு செய்தபோது முடித்த மணிகளோடு பாதியில் நின்ற மணிகளும் கற்சில்லுகளும் கிடைத்தன. இந்தச் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களிடம் கேளுங்கள், கல் பதிக்க ஒரு குழி எடுப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று.

நகைக்காக மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏற்காடு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கறுத்து நிற்கிறதே, அது சார்னகைட் பாறை. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து அந்தப் பெயரை வைத்தார். கல்லறைக்காக அறுத்த கல்லிலிருந்துதான் நம் சேர்வராயன் மலைப் பாறைக்கே பெயர் வந்தது. வெளியே பார்த்தால் எண்ணெய் பூசியது போன்ற கருமை, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு சீவலை அறுத்து 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்து நுண்ணோக்கியின் கீழே வைத்தால் ஒளி ஊடுருவும். ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில் அந்தச் சீவலைத் திருப்பினால் ஹைப்பர்ஸ்தீன் என்கிற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். நாம் நாள்தோறும் கறுப்பு என்று கடந்துபோகிற கல் அது!

அக்காவின் கடைசி வாதம் பலமானது. அறுத்தால் ஒட்டாது என்றார். ஒட்டாதுதான். ஆனால் பெட்டியில் இருந்தால் பத்திரம் என்பதும் நிச்சயமில்லை. குருந்தத்தில் எளிதில் கீறல் விழாதே தவிர, கீழே விழுந்தால் உள்ளிருக்கிற கோட்டில் பிளந்துபோகும். அப்போது எங்கே உடைவது என்பதைத் தரை முடிவு செய்யும். அந்த முடிவு தெரிந்த கையில் இருக்கட்டும் என்கிறோம். முழுக் கல்லையும் மோதிரமாக்கக் கேட்கவில்லை. தாய்ப்பாறை ஒட்டிய பகுதியைத் தனியே அறுத்து, எந்த ஊர், எந்தப் பாறை என்று சீட்டு எழுதிக் காட்சிக்கு வையுங்கள். மீதியைப் பட்டறைக்குக் கொடுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் அந்த மெருகிட்ட முகத்தில் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். வலது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. பெரியவர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் முதல் வெட்டைப் போடுவார். நன்றி, வணக்கம்.