மன்னர் முகத்தின் மேல் ஏறிய முத்திரை: ஜப்பான் பிடித்த மலாயாவின் தபால் தலைகள்

வணக்கம் மக்களே. ஏற்காட்டிலிருந்து பேசுகிறேன். வெளியே பனி இறங்கிவிட்டது, அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு மேஜை விளக்கில்தான் காட்டப் போகிறேன். இன்றைக்கு எடுத்துக்கொண்டது மலாயா. 1942 தொடங்கி 1945 வரை ஜப்பான் ராணுவத்தின் கையில் இருந்த மலாயா.

இதை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். ஆரஞ்சு நிறம், 2 சென்ட். ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம், ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்ற பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் காலனிக்கு அப்படிப் பெயர். பிரிட்டிஷ்காரர்கள் போட்ட தபால் தலை. அதன் மேலேயே இங்கிலீஷ் எழுத்தில் மூன்று வரி ஓவர்பிரிண்ட், அதாவது ஏற்கெனவே அச்சான தலையின் மேல் அடித்த எழுத்து, ஏறியிருக்கிறது: டாய் நிப்பான் (மகா ஜப்பான்), 2602, மலாயா. 2602 என்பது ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசர் காலத்திலிருந்து எண்ணிவந்த ஆண்டு. 660-ஐக் கழித்தால் 1942 வந்துவிடும். மன்னர் முகம் அப்படியே இருக்கிறது. நாட்டுக்குச் சொந்தக்காரர் யார், இது எந்த வருஷம் என்பதை மட்டும் புதிய அரசு தன் கணக்கில் எழுதிவிட்டது.

ஏன் புதிதாக அச்சடிக்கவில்லை? சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதுவரை தபால் தலைகள் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்த வழி அடைபட்டுப் போனது. ஆனால் தபால் ஓட வேண்டுமே! மார்ச் மாதமே சிங்கப்பூரில் விற்பனை தொடங்கிவிட்டது. கையில் இருந்தது பழைய சரக்குதான், அதில் முத்திரை குத்தி விற்றார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் கையால் குத்தியது. ஒரு ஆள் உட்கார்ந்து தாள் தாளாகக் குத்தியிருக்கிறார். சில நேராக விழுந்திருக்கும், சில சாய்ந்திருக்கும், சில தலைகீழாகவே இருக்கும். மலாக்காவில் குத்திய முத்திரை ரொம்பப் பெரியது, நான்கு தபால் தலைகளுக்குச் சேர்த்து ஒன்று. நான்கையும் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் கால் பங்கு முத்திரைதான் நிற்கும். அதனால் மலாக்கா கிடைத்தால் நான்கும் சேர்ந்த பிளாக்காகப் பார்த்து வாங்குங்கள். பினாங்கில் ஒகுகாவா, உச்சிபோரி என்ற அதிகாரிகளின் சொந்த முத்திரையே ஏறியது. கிளந்தானில் சுனகாவாவின் முத்திரை. எனக்கு இவைதான் மிகவும் பிடித்தவை. ஒரு நாட்டைப் பிடித்த ராணுவம் என்று பொதுவாகப் படிக்கிறோம். இங்கே இன்னார் பெயர், இன்னார் கை என்று தெரிகிறது.

பர்மாவிலும் இதே கதைதான், அங்கே மன்னர் முகத்தின் மேல் மயில் படத்தைக் குத்தினார்கள். பிரிட்டனிடமிருந்து ஜெர்மானியர்கள் பிடித்த கெர்ன்சி தீவில் 1 பென்னி தபால் தலை தீர்ந்துபோய், 2 பென்னி தலையைக் குறுக்கே பாதியாக வெட்டி ஒட்டினார்கள். அவற்றைத் தனியாகப் பேசலாம்.

சரி, இப்போது அடுத்த பக்கம். 1943-ல் ஜப்பானியர்கள் படம் போட்டுத் தனி வரிசை வெளியிட்டார்கள். இதோ 1 சென்ட். ஒரு ஆள் ரப்பர் மரம் சீவுகிறார். இந்த ஒன்றில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

மலாயாவில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் நம்மாட்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து ஆள் கட்டிக்கொண்டு போன ஜில்லாக்களில் சேலமும் உண்டு. போர் வந்ததும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன ரப்பர் நின்றது, தோட்டங்களில் வேலை படுத்தது, அரிசிக்குப் பஞ்சம். அந்த நேரத்தில்தான் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே செத்தார்கள். பால்மரத் தொழிலாளியின் படம் போட்ட இந்தத் தபால் தலையும் அதே வருஷத்தது. ஆல்பத்தில் இதற்குக் கீழே நான் அந்த ரயில் பாதையின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம், வாங்குகிறவர்களுக்கு. போர் நடந்த காலத்தில் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் சாதாரணத் தபால் கிடையாது. எதிரி நாடு ஆகிவிட்டது. போர்க்கைதிகள் எழுதிய கார்டுகள் மட்டும் அபூர்வமாக வந்தன. அதனால் 1943-ல் பினாங்கிலிருந்து சேலத்துக்கு வந்த குடும்பக் கடிதம் என்று யாராவது விலை சொன்னால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். முதலில் கவரைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தபால் நிலையத்து ரத்து முத்திரை ஓவர்பிரிண்டுக்கு மேலே படிந்திருக்க வேண்டும். ரத்து முத்திரைக்கு மேல் ஓவர்பிரிண்ட் மை ஏறியிருந்தால், பழைய தலை ஒன்றைப் பின்னால் யாரோ குத்தி விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த முத்திரைகளில் போலி நிறைய. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை போடவே போடாதீர்கள்.

1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அவர்களும் மன்னர் படம் போட்ட பழைய தபால் தலையில் பி.எம்.ஏ. மலாயா என்று அடித்துத்தான் விற்றார்கள். பி.எம்.ஏ. என்றால் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். அந்தத் தபால் தலை ஒட்டிய கவர்கள் நம் பக்கத்து வீடுகளில் இருக்க நியாயம் உண்டு. ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் செய்தி அதில்தான் வந்திருக்கும்.

அப்புறம், ஏற்காடு மாதிரி ஈரமான இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பசை உள்ள தலைகள் மழைக்காலத்தில் ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள், பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுங்கள்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் மலாயா கடிதம் இருந்தால் தண்ணீரில் போட்டுத் தலையை மட்டும் உரித்துவிடாதீர்கள். விலாசம், தேதி, தணிக்கை முத்திரை எல்லாம் கவரில்தான் இருக்கிறது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன முத்திரை என்று சேர்ந்து பார்ப்போம். அடுத்த வீடியோவில் பர்மா மயில்.