எதற்காக என்று கேட்கலாமா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை விடாமல் துரத்தி அழைத்துவந்த செயலாளர் அவர்களே, உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்து வாழ்த்துரை வழங்கிய புலவர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பாடநூல் குழுப் பெருமக்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இயற்கையை அறிய ‘எதற்காக’ என்று நோக்கத்தைக் கேட்கலாமா என்பதில் அரிஸ்டாட்டில், கான்ட், டார்வின் மூவரையும் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழ் சொல்கிறது.

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்கிறோம். முன்னது பின்னதைத் தள்ளுகிறது. எல்லாம் இயந்திரம்போல் இயங்குகிறது என்னும் இயந்திரவாதம் முழுவதும் இதற்குள் அடக்கம். ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா?’ என்றும் கேட்கிறோம். அங்கே நோக்கம் வந்துவிடுகிறது. என் நெஞ்சுக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது.

பயிர் வளரட்டும் என்றா மழை பெய்கிறது, பல்லும் அப்படித் தற்செயலாய் முளைத்ததுதானே என்ற வாதத்தை எடுத்துவைத்து மறுத்தவர் அரிஸ்டாட்டில். கடிக்க முன்பல் கூராகவும், அரைக்கக் கடைவாய்ப்பல் அகலமாகவும் தவறாமல் முளைப்பது தற்செயல் ஆகாது என்றார். பிற்காலத்தில் ஆங்கிலத் தத்துவவாதி பேக்கன், நோக்கத்தைத் தேடும் ஆராய்ச்சி இறைவனுக்கு நேர்ந்துவிட்ட கன்னி, பிள்ளை பெறாது என்றார்.

பெற்றது ஐயா! அந்த பேக்கனுக்கே வைத்தியம் பார்த்த வில்லியம் ஹார்வியின் கையில் பெற்றது. இத்தாலியின் பதுவாவில் ஹார்விக்கு ஆசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ், சிரைகள் என்னும் ரத்தக் குழாய்களுக்குள் சின்னஞ்சிறு கதவுகள், அதாவது வால்வுகள், இருப்பதைக் காட்டினார். ரத்தம் கைகால்களில் தேங்காமலிருக்க அவை என்பது அவர் எண்ணம். மாணவருக்கு மனம் ஆறவில்லை. எல்லாக் கதவுகளும் இதயத்தை நோக்கியே திறக்கின்றனவே, குடுமி சும்மா ஆடுமா?

உங்கள் கையைத் தொங்கவிடுங்கள். புடைத்த சிரை ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக நீவி, நீவிய விரலை எடுத்துவிடுங்கள். நடுவே ஒரு கதவு இருந்தால், அதுவரை சிரை வெறுமையாகவே கிடக்கும். மேலேயிருந்து ரத்தம் இறங்காது. கீழ்விரலை எடுங்கள், குபுக்கென்று நிறையும். பின்வரிசையில் ஒரு தம்பி வியந்து பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது! இதையும், இதயம் அரைமணி நேரத்தில் தள்ளும் ரத்தம் உடலில் உள்ளதைவிட அதிகம் என்ற கணக்கையும் வைத்து, ரத்தம் சுற்றிவருகிறது என்று ஹார்வி 1628இல் நூல் எழுதி நிறுவினார். எது வழிகாட்டியது என்று அறிவியலாளர் ராபர்ட் பாயில் பின்னாளில் கேட்டபோது, அந்தக் கதவுகளைத்தான் சொன்னார். கேள்வி எதற்காக என்பது. கிடைத்த விடையோ, பம்பும் குழாயுமாக ஓர் இயந்திரம்.

உயிர்களின் உறுப்புகளில் நோக்கமில்லாமலே பொருத்தம் வரும் என்று டார்வின் 1859இல் காட்டிவிட்டாரே என்பீர்கள். காட்டினார். ஆனால் இறகு எதற்கு உதவியது என்று கேட்காமல் இயற்கைத் தேர்வைப் பற்றி ஒரு வரி எழுத முடியுமா?

பாடநூல் குழுவினரே, இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று தேர்வில் கேட்கிறீர்கள். வால்வு எதற்காக என்று எழுந்து கேட்கும் பிள்ளையை ‘பாடத்தில் இல்லை, உட்கார்’ என்கிறோம். பதினைந்து ஆண்டுகளாக மேடைதோறும் முறையிடுகிறேன்: வாரம் ஒரு பாடவேளை, பிள்ளைகள் கேட்க, ஆசிரியர் கேட்டுக்கொள்ள. செலவில்லாத காரியம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். குடுமி சும்மா ஆடாது. கான்ட் இன்னொரு கூட்டத்துக்கு. விண்ணப்பத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வணக்கம்.