அடை வைத்த நாள் முதல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மானாவாரி வேளாண்மை செய்து, முதுமையால் நிலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்ட எனக்கு, இன்றும் கைவிட மனம் வராத வேலை கோழி வளர்ப்புதான். கொல்லையில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருப்போருக்கு, பொரித்த குஞ்சுகளில் எத்தனை பிழைக்கின்றன என்பதைப் பொறுத்தே ஆதாயம் அமைகிறது.

நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமத் தொடங்கும்போது, அது அடைக்குத் தயாராகிவிட்டது என்று அறியலாம். கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோலும் செள்ளுப் பூச்சி அண்டாதிருக்க வேப்பிலையும் இட்டு, ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்தால், கோழி கலையாமல் அமர்ந்துவிடும். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை டார்ச் விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். கருக்கொண்ட முட்டையில், சிலந்தி கால் விரித்தாற்போலச் சிவந்த நரம்புகள் ஓடும். அவ்வாறு தெரியாதவற்றை எடுத்துவிட வேண்டும். உள்ளேயே அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெட்டுப்போகும். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு எஞ்சியிருப்பதால் முதல் நாள் தீனிக்கு அவசரமில்லை. பிறகு கம்புக் குருணையும் அரிசிக் குருணையும் கொடுக்கலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் நிரப்பி, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்று ஓரம் கவிழ்த்து வைத்தால், விடியற்காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அந்தப் பானையைத் தட்டியதும் குஞ்சுகள் ஓடிவந்து கொத்தும் வேகத்தைப் பார்க்க, இந்த வயதிலும் நான் தவறுவதில்லை. பருந்துக்கும் கீரிக்கும் அஞ்சி, முதல் மூன்று வாரம் தாயோடு சேர்த்துப் பஞ்சாரம் என்னும் கவிழ்ப்புக் கூடைக்குள் வைப்பதே நல்லது.

இவ்வளவும் செய்து ஒரு பங்குனியில் நான் எல்லாவற்றையும் இழந்தேன். ஒரு கோழி இறகைத் தொங்கவிட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வெயில் சூடு என்று எண்ணி விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அதன் கழுத்து முறுக்கிக்கொண்டது. மகளின் படிப்புச் செலவுக்கென்று என் மனைவி வளர்த்த 26 உருப்படிகளில், வாரம் முடிவதற்குள் மிஞ்சியவை இரண்டே. அதுதான் வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய். வந்த பின்பு அதைத் தீர்க்கும் மருந்து கிடையாது. தடுப்பு மருந்து ஒன்றே வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா மருந்தைச் சொட்டாக விட வேண்டும். மருந்து சூடேறினால் வீரியம் போய்விடும். ஆகையால் ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்து, வெயில் ஏறுமுன் போட்டு முடிக்க வேண்டும். எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி போட வேண்டும். தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டி மறுபடி முட்டைக்குத் தயாராகும் சமயமும் ஏறக்குறைய அதுவே. தாய் விரட்டத் தொடங்கிவிட்டால், கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.