முஹம்மரா: சுட்ட குடைமிளகாயைக் குழாயடியில் காட்டாதீர்கள்

(திரையில்: அடுப்புத் தீயில் நேராக வைத்த சிவப்புக் குடைமிளகாய். தோல் உப்பிக் கறுக்கிறது.)

இந்தச் சத்தம் கேட்கிறதா? மெல்லிசாக, பட் பட்டென்று? தோலுக்கு அடியில் இருக்கும் நீர் ஆவியாகி, தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. இன்று நாம் செய்யப்போகும் டிப்பின், அதாவது தொட்டுச் சாப்பிடும் துவையலின், ருசியில் பாதி இந்த இடத்திலேயே முடிவாகிவிடும்.

டிப்பின் பெயர் முஹம்மரா. சிரியாவில் அலெப்போ நகரம் இதற்குப் பேர்போனது. அரபியில் அந்தச் சொல்லுக்குச் 'சிவக்க வைத்தது' என்று பொருள். சுட்ட சிவப்புக் குடைமிளகாய், வால்நட், ரொட்டித் தூள், மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய பாகு, சீரகம், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மிளகாய் இனம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானது. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது கடல் தாண்டியது. வால்நட்டும் மாதுளையும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அலெப்போ பக்கத்தில் விளைந்தவை. கடைசியாக வந்து சேர்ந்த மிளகாய், பண்டத்தின் பெயரையே தன் நிறத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டது.

சரி, அளவுக்கு வருவோம். பெரிய சிவப்புக் குடைமிளகாய் 3, ஏறக்குறைய 600 கிராம். வால்நட் 100 கிராம். காய்ந்த ரொட்டித் தூள் 40 கிராம். மாதுளைப் பாகு 2 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. வறுத்துப் பொடித்த சீரகம் 1 தேக்கரண்டி, கொரகொரப்பான மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, சின்னதாக ஒரு பல் பூண்டு, தேவையான உப்பு. பச்சைக் குடைமிளகாய் இதற்கு ஒத்துவராது. அது பழுக்காத காய், லேசான கசப்பு இருக்கும். அதே காய் செடியில் நின்று பழுத்தால்தான் சிவப்பும் இனிப்பும் வரும்.

குடைமிளகாயின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். டிப் செய்கிறவருக்கு முதல் எதிரி அதுதான். இனி நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்தத் தண்ணீரைக் குறைப்பதற்கோ, மிச்சமிருப்பதைக் கட்டுவதற்கோதான்.

(திரையில்: இடுக்கியால் குடைமிளகாயைத் திருப்புவது.)

கேஸ் அடுப்பென்றால் நேராகத் தீயிலேயே வையுங்கள். ஒரு பக்கம் நன்றாகக் கறுத்ததும் திருப்புங்கள். லேசாகப் பழுப்பானதும் பயந்துபோய் எடுத்துவிடக் கூடாது. கரித்துண்டு மாதிரி ஆகட்டும். கரிவது தோல் மட்டும்தான். உள்சதை அந்தச் சூட்டில் வெந்து, புகை மணத்தை வாங்கிக்கொள்ளும். ஓவன் இருந்தால் 230 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், நடுவில் இரண்டு தடவை திருப்பிவிடுங்கள். ஓவனில் புகை மணம் குறைவு, ஆனால் சதை சீராக வேகும். நேரமிருக்கும் நாளில் நான் தீயைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கறுத்தவுடன் ஒரு கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடிவிடுங்கள். 15 நிமிடம் தொடவே வேண்டாம். உள்ளே தேங்கும் ஆவி, சதையில் ஒட்டியிருக்கும் தோலை விடுவித்துக் கொடுக்கும். அப்புறம் கட்டைவிரலால் தள்ளினாலே தோல் சுருண்டு வந்துவிடும்.

(திரையில்: கைகள் அருகில். கரித் தோல் உரிகிறது, அடியில் பளபளக்கும் சிவப்புச் சதை.)

இப்போதுதான் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும். விரலெல்லாம் கரி, விதைகள் வேறு ஒட்டுகின்றன, ஒரு தடவை அலசினால் என்ன என்று தோன்றும். முதல் தடவை நானும் அலசினேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் சாப்பிட்டால் வெறும் வேகவைத்த காய்தான். சதைமேல் வழுவழுவென்று படிந்திருக்கும் அந்தச் சாற்றில்தான் இனிப்பும் புகை மணமும் இருக்கின்றன, அதைத்தான் சாக்கடையில் விட்டிருக்கிறேன். அதனால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே இரண்டு கரிப்பொட்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் ருசிதான். காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு, சதையை ஒரு வடிகட்டியில் 20 நிமிடம் போட்டுவையுங்கள். கீழே சொட்டும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. வடிந்தபின் எடை பார்த்தால் 600 கிராம் ஏறக்குறைய பாதிக்கு வந்திருக்கும்.

அடுத்து வால்நட். வறுப்பதற்கு முன்னால் ஒன்றை எடுத்து வாயில் போடுங்கள். காறல் அடித்தால் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுங்கள். வால்நட் எண்ணெய் காற்று பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும் ரகம். எந்த மசாலாவாலும் அந்த வாடையை மூட முடியாது. நல்லதாக இருந்தால் 170 டிகிரியில் 8 நிமிடம் வறுத்து, சூட்டோடு ஒரு துணியில் கொட்டித் தேயுங்கள். மெல்லிய பழுப்புத் தோல் உதிரும். வால்நட்டின் துவர்ப்பும் கசப்பும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான். முழுவதும் போக வேண்டியதில்லை.

மாதுளைப் பாகு பற்றி ஒரு வார்த்தை. வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததா என்று பாருங்கள். கிடைக்கவில்லையா? 1 லிட்டர் சாற்றை அகலமான பாத்திரத்தில் மிதமான தீயில் கால் லிட்டருக்கும் குறைவாக வற்றவிடுங்கள். கரண்டியின் பின்புறம் படிந்து நின்றால் போதும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் முன்கூட்டியே இறக்குங்கள்.

இனி அரைப்பது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் குழந்தைக்கு ஊட்டும் கூழ் மாதிரி ஆகிவிடும். முதலில் வால்நட்டை மட்டும் போட்டு, நிறுத்தி நிறுத்தி நான்கைந்து சுற்று. பாதி பொடியாகவும் பாதி நொய்யாகவும் இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் குடைமிளகாய், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், பாகு, உப்பு. அதுவும் கொரகொரப்பாகவே இருக்கட்டும். இரண்டையும் கிண்ணத்தில் கலந்து, ரொட்டித் தூளைப் பாதி மட்டும் சேர்த்து 10 நிமிடம் காத்திருங்கள். ரொட்டி நீரை இழுக்க நேரம் எடுக்கும். போட்டவுடன் தளர்ச்சியாகத் தெரிகிறதே என்று மொத்தத்தையும் கொட்டினால், கொஞ்ச நேரத்தில் களிமண் மாதிரி இறுகிவிடும். இறுகிப்போனால், எடுத்து வைத்த சாறு இருக்கிறதே, அதில் இரண்டு கரண்டி விட்டால் சரியாகிவிடும். ஆலிவ் எண்ணெயைக் கடைசியில் கையால் கலக்குங்கள். வேகமாகச் சுற்றும் பிளேடில் மாட்டினால் நல்ல ஆலிவ் எண்ணெய் சில சமயம் கசந்துவிடும்.

(திரையில்: கரண்டியைக் கிண்ணத்தில் இழுத்தால் கோடு அப்படியே நிற்கிறது.)

இந்தக் கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. இப்போது ருசி பாருங்கள். இனிப்பு தூக்கலாக இருந்தால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு.

கை பழகியவர்கள் இதே வழியில் ரொமெஸ்கோவும் செய்யலாம். ஸ்பெயினின் கத்தலோனியாவில், தாரகோனா கடற்கரைப் பகுதியில் பிறந்த சாஸ் அது. வால்நட்டுக்குப் பதில் பாதாம் அல்லது ஹேசல்நட், மாதுளைப் பாகுக்குப் பதில் வைன் வினிகர், கூடவே சுட்ட தக்காளியும் பூண்டும். அங்கே ஞோரா என்கிற உருண்டையான உலர்ந்த மிளகாயை ஊறவைத்து, சதையைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். ரொட்டியை எண்ணெயில் பொரித்துப் போடுவார்கள். வேறு வேறு கரைகளில் இருந்தாலும் தண்ணீரைக் கட்ட இருவரும் ரொட்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறையும்.

மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜில், 4 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். மேலே எண்ணெய் ஊற்றிவிட்டோமே என்று வெளியே வைக்காதீர்கள். சுட்ட குடைமிளகாயிலும் பூண்டிலும் புளிப்பு குறைவு. எண்ணெய்க்கு அடியில் காற்றும் போகாது. பாட்டுலிசம் என்கிற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதுதான் வசதியான இடம். விருந்துக்கு வைத்தால், இதில் வால்நட் இருக்கிறது என்பதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்வைக்குத் தெரியாது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு கரண்டியே ஆபத்து.

செய்த அன்றைக்கு மாதுளை தனியாக, சீரகம் தனியாகத் தெரியும். மறுநாள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, உறைந்த எண்ணெய் இளகியதும் ஒரு கலக்குக் கலக்கி, மேலே நான்கு வால்நட்டை உடைத்துப் போடுங்கள்.