சாஃபோவின் ஒரு சொல்லும் அறிஞர்களின் சண்டையும்

[திரையில்: ஏஜியன் கடல், லெஸ்போஸ் தீவு]

“அந்த நெஞ்சம் இன்று விலகி ஓடினாலும் விரைவில் உன்னைத் துரத்தி வரும். பரிசை மறுத்தாலும் தானே பரிசு தரும். காதல் இல்லையா? வரும், விருப்பம் இல்லாவிட்டாலும் வரும்.”

லெஸ்போஸின் கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவுக்கு, அவர் பாடல் ஒன்றில், காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி தரும் வாக்கு இது. காலம், கி.மு. 600-ஐ ஒட்டி.

விலகி ஓடுவது அவனா, அவளா? ‘நெஞ்சம்’ என்று சொல்லி நான் நழுவியதைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் ஓடுகிறான், ஓடுகிறாள் என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். கிரேக்க வினை காட்டிக்கொடுக்காது. இந்தப் பாடலின் 28 அடிகளில் காதலிக்கப்படுபவரின் பாலைச் சொல்வது 24-ஆம் அடியில் வரும் ஒரே ஒரு சொல்: எதெலோய்சா. ‘விரும்புகிறவள்’ என்று பொருள். முன்னால் ஓர் ‘அல்ல’ நிற்கிறது.

[திரையில்: அந்த அடி பெரிதாகத் தெரிகிறது]

அந்தச் சொல்லும் பத்திரமாக வந்து சேரவில்லை. பிரதியெடுத்தவர்கள் கையில் அடி சிதைந்துபோனது. இன்று நாம் படிக்கும் பெண்பால் வடிவம், 19-ஆம் நூற்றாண்டில் தியோடர் பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் திருத்தித் தந்தது. அதற்கு முன் பல மொழிபெயர்ப்பாளர்கள் கூசாமல் ‘அவன்’ என்றே எழுதினார்கள்.

பிறகு எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேடுகள் பேசின. அங்கே கிடைத்து 1914-இல் வெளியான பாப்பிரஸ் (பழைய நாணல்தாள்) ஒன்றில், லிடிய நாட்டின் தேர்களையும் ஆயுதம் ஏந்திய காலாட்படையையும்விட அனக்டோரியாவின் நடையையும் முகத்தின் ஒளியையும் காண்பதே மேல் என்கிறார் சாஃபோ. அனக்டோரியா பெண்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் விலமோவிட்ஸ் என்ற ஜெர்மானியப் பெரும் புலவர், பெண்களைக் காதலித்தவர் என்ற பேச்சிலிருந்து சாஃபோவின் ‘மானத்தைக்’ காத்திருந்தார். சாஃபோ இளம்பெண்களுக்குக் கல்வி தந்த கண்ணியமான ஆசிரியை என்பது அவர் கட்சி. 1993-இல் ஹோல்ட் பார்க்கர் என்ற அறிஞர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே பூட்டுப் போட்டார்: அதற்கான சான்று பாடல்களில் இல்லை, பின்னால் வந்தவர்கள் கட்டியது என்றார். என் ஓட்டு பார்க்கருக்கு. விலமோவிட்ஸின் கிரேக்கப் புலமை பழுதில்லாதது. ஆனால் அவர் கண்ட ஆசிரியையிடம் லெஸ்போஸைவிட பெர்லின் வாடைதான் அதிகம்.

[திரையில்: சாஃபோ பாடல்களில் எஞ்சிய துண்டுகளில் ‘31-ஆம் துண்டு’]

அடுத்த சண்டை இன்னும் சுவையானது. ஒருத்தியின் எதிரே ஒருவன் அமர்ந்து அவள் பேச்சையும் சிரிப்பையும் கேட்கிறான். பார்க்கும் சாஃபோவுக்கு நா எழவில்லை, தோலுக்கடியில் நெருப்பு ஓடுகிறது, காது இரைகிறது, வியர்க்கிறது, புல்லைவிட வெளிறிப்போகிறார். அவன் மணமகன், இது கல்யாணப் பாட்டு என்றார் விலமோவிட்ஸ். மணவறையில் பாடுகிற பாட்டா இது! டெனிஸ் பேஜ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1955-இல் அதை மறுத்தார். 1970-இல் ஜார்ஜ் டெவரோ, உளப்பகுப்பாய்வு படித்தவர், அறிகுறிகளை எண்ணிப் பார்த்து இது பதற்ற நோயின் தாக்குதல் என்றார். காதல் மருத்துவக் குறிப்பானது.

இந்தப் பாடல் பிழைத்ததே ‘உன்னதம் பற்றி’ என்ற பழைய கிரேக்க இலக்கியத் திறனாய்வு நூல் மேற்கோள் காட்டியதால்தான். மேற்கோள் பாதியில் நிற்கிறது: “ஆனால் எல்லாமே தோல்மாதோன், ஏழையையும்கூட…”

தோல்மாதோன் என்றால் ‘தாங்கக்கூடியது’. ‘துணியக்கூடியது’ என்றும் சொல்லலாம். சாஃபோ அடங்கி அமர்கிறாரா, எழுந்து அவளிடம் போகிறாரா? உரையாசிரியர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள். அடுத்த அடி இன்னும் எந்த மணலிலிருந்தும் கிடைக்கவில்லை.