பொதியிலும் நம் இல்லே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெருநகரத்தில் மனம் இளைப்பாறுவது வீட்டின் தனிமையிலா, ஊரின் பொது இடத்திலா என்பது இன்றைய தலைப்பு. பொது இடத்தில்தான் என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய நண்பர், நம் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைக் கடந்து வீடு சேர்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் தமக்குச் சிந்தனையே பிறக்கிறது என்றார். எனக்கு அந்நேரத்தில் பிறப்பது தூக்கம் மட்டுமே.

வீடு வேறு, பொது வேறு என்று அவர் கோடு கிழித்தார். தமிழ் அப்படிக் கிழிக்கவில்லை. ஊரார் கூடும் அம்பலத்துக்குச் சங்கத் தமிழில் பொதியில் என்று பெயர்; பொதுவான இல், அதாவது பொதுவான வீடு என்பதே அதன் பொருள். புறநானூற்றின் 52ஆம் பாட்டில், பாண்டியனின் பகைவர் நாடு பாழாவதைச் சொல்ல வந்த மருதன் இளநாகனார், இடிந்த மாளிகைகளைக் காட்டவில்லை. வழிபாடு நின்றுபோன பொதியில் ஒன்றைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் காய் வைத்து வைத்து ஆடியதால் குழிந்துபோன இடத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஆட ஆளில்லை என்றால் நாடே இல்லை என்று பொருள்.

ஆழ்ந்து சிந்திக்கத் தனிமை வேண்டாமா என்று எதிரணி கேட்கலாம். வேண்டும், அதற்குத் தனியறை வேண்டியதில்லை. 2023 முதல் நம் கப்பன் பூங்காவில் சனிக்கிழமைகளில், முன்பின் அறியாதவர்கள் புல்தரையில் விரிப்பு போட்டு, ஆளுக்கொரு புத்தகத்தோடு, ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள்.

பொது இடத்தில் பூசலும் உண்டு, மறுக்கவில்லை. அல்சூரில் வள்ளுவர் சிலை தமிழ்-கன்னடப் பூசலால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டபோது, நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அவரவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தப் பூசலும் வந்திருக்காது, இந்தக் கைகுலுக்கலும் நேர்ந்திருக்காது.

என் தந்தையார் திருநெல்வேலியை விட்டு எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில், லிஃப்டில் தலையசைப்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனார். ஒருநாள் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு நாளிதழைக் கைநீட்டிப் பிடித்துத் திணறியவரைப் பார்த்து, எதிரே இருந்த பெரியவர் தம் பூதக்கண்ணாடியை மேசைமேல் நகர்த்தி, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றார். அதன்பின் நாளிதழ் புரளவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் போகிறார். மூக்குக்கண்ணாடியை மட்டும் தவறாமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார், நடுவர் அவர்களே.